செயின் காபி, தனிக்கடை காபி, ஐரோப்பியக் காபி: கிராம் கணக்கில் ஓர் அலசல்

ஸ்டார்பக்ஸ் போன்ற செயின் (ஊருக்கு ஊர் கிளை வைத்த நிறுவனக் கடை) மோசம், தனிக்கடைதான் ஒசத்தி, இரண்டையும் விட இத்தாலிக்காரர் போடுவதுதான் காபி. இந்த வாக்குவாதம் முடியாமல் இழுபடுவதற்குக் காரணம், ஆளுக்கொரு பானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதுதான். ஒருவர் பால் நிறைய ஊற்றிய அரை லிட்டர் லாத்தேயைத் திட்டுகிறார். எதிரில் இருப்பவர் அழுத்தத்தில் வடித்து இரண்டு மடக்கில் தீரும் கெட்டி டிக்காஷனான எஸ்பிரெசோவைப் புகழ்கிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால் கடையின் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு எத்தனை கிராம் தூள், எத்தனை மில்லி டிக்காஷன், எவ்வளவு பால், எந்த அளவு வறுவல் என்று பார்க்க வேண்டும்.

முதலில் பால் கணக்கு

கீழே உள்ள ஸ்டார்பக்ஸ் அளவுகள் அமெரிக்கக் கடைகளில் உள்ளவை. ஒரு ஷாட் (ஒரு பங்கு எஸ்பிரெசோ) என்பதை 30 மி.லி. என்று வைத்துக் கணக்கிட்டது. நுரையும் கோப்பையின் மேல்விளிம்பில் விடும் இடமும் சேர்ந்து பாலைச் சற்றுக் குறைக்கும். ஒப்பிடுவதற்கு அது தடையில்லை.

| பானம் | மொத்த அளவு | எஸ்பிரெசோ | ஒரு பங்கு டிக்காஷனுக்குப் பால் |
|---|---|---|---|
| இத்தாலியக் கப்புசினோ | 150 மி.லி. (நுரையோடு) | 25 மி.லி. | 4 பங்கு |
| தனிக்கடை ஃபிளாட் ஒயிட் (நுரை குறைந்த சிறிய பால் காபி) | சுமார் 160 மி.லி. | 36–40 மி.லி. | 3 பங்கு |
| ஸ்டார்பக்ஸ் ஷார்ட் லாத்தே | 236 மி.லி. | 1 ஷாட் | 7 பங்கு |
| ஸ்டார்பக்ஸ் டால் லாத்தே | 354 மி.லி. | 1 ஷாட் | 11 பங்கு |
| ஸ்டார்பக்ஸ் கிராண்டே லாத்தே | 473 மி.லி. | 2 ஷாட் | 7 பங்கு |
| ஸ்டார்பக்ஸ் வென்டி லாத்தே | 591 மி.லி. | 2 ஷாட் | 9 பங்கு |

செயின் லாத்தே சப்பென்று இருக்கிறது என்ற புகாரில் பாதி இந்த அட்டவணையிலேயே தீர்ந்துவிடும். கொட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பதினோரு பங்கு பாலுக்குள் அது என்ன செய்யும்? டால் வாங்குபவர் ஷார்ட்டில் இருக்கும் அதே ஒரு ஷாட்டுக்குக் கூடுதலாகப் பாலை வாங்குகிறார். வென்டியில் கிராண்டேவுக்கு மேல் ஒரு சொட்டு டிக்காஷன்கூடக் கிடையாது. வேறு கடை வாசலில் ஏறாமலேயே செய்யக்கூடிய தரத் திருத்தம் இது: ஷார்ட் கேளுங்கள். பல கிளைகளில் அது விலைப்பலகையில் இருக்காது. கேட்டால் போட்டுத் தருவார்கள்.

செயின் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் தப்பு. பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்?' 2023-இல் ஒப்பிட்டு வெளியிட்டபோது, அந்நாட்டுச் செயினான கோஸ்டாவின் நடுத்தரக் கப்புசினோவில் 325 மி.கி. கஃபீன், ஸ்டார்பக்ஸின் நடுத்தரக் கப்புசினோவில் 66 மி.கி. பெயர் ஒன்று, சரக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். எத்தனை ஷாட் ஊற்றுகிறார்கள், கலவையில் ரொபஸ்டா இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. காபிக்கொட்டையில் இரண்டு முக்கிய இனங்கள்: அராபிகாவில் எடையில் சுமார் 1.2 விழுக்காடு கஃபீன் என்றால் ரொபஸ்டாவில் 2.2 அளவுக்கு வரும்.

ஏன் கருக வறுக்கிறார்கள்

காபிக்கொட்டை சுமார் 196 டிகிரியில் முதல் தடவை படபடவென்று வெடிக்கும். 224 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டாம் வெடிப்பு. முதல் வெடிப்புக்குச் சற்றுப் பின் இறக்கினால் பழவாசமும் புளிப்பும் தங்கும். இரண்டாம் வெடிப்பைத் தொட்டால் அவை போய், வறுவலின் சொந்தச் சுவை மட்டும் நிற்கும்: புகை, கருகல் சர்க்கரை, கசப்பு. கொட்டையின் மேல் எண்ணெய் மினுமினுக்கும்.

பெரிய செயின்கள் இந்த இரண்டாம் பக்கம் சாய்வது ருசி தெரியாததால் அல்ல. ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் கொட்டை பல நாடுகளிலிருந்து வருகிறது. அறுவடைக்கு அறுவடை சுவை மாறுகிறது. கருக வறுத்தால் அந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும், போன மாதக் கோப்பையும் இந்த மாதக் கோப்பையும் ஒன்றுபோல் இருக்கும். அதோடு, மேலே சொன்ன பதினோரு பங்கு பாலையும் சிரப்பையும் தாண்டி நாக்கில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கசப்புதான் கைகொடுக்கும். வியாபாரத்துக்கு ஏற்ற புத்திசாலித்தனம். ஆனால் அதே கொட்டையைப் பாலில்லாமல் எஸ்பிரெசோவாகக் குடித்தால் சாம்பல் சுவை நேரே வந்து மோதும். எண்ணெய் மேலேறிய கொட்டை காற்றுப்பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பது இன்னொரு குறை.

வடித்த கறுப்புக் காபியில் கதை வேறு. ஸ்டார்பக்ஸ் சொல்லும் அளவு 180 மி.லி. தண்ணீருக்கு 10 கிராம் தூள், அதாவது லிட்டருக்கு 55 கிராம் சொச்சம். ஸ்பெஷாலிட்டி காபிக்காரர்கள் (உயர்தரக் கொட்டையை மட்டும் நாடுபவர்கள்) பொன்விதியாக வைத்திருக்கும் 55 கிராமும் அதுதான். ஆக, தூளில் கஞ்சத்தனம் இல்லை. கெடுப்பது வறுவலும் காத்திருப்பும்: இறக்கி அரை மணி தாண்டினால் வாசனை பறந்துவிடும், சூட்டுத் தட்டில் வைத்திருந்தால் புளித்த கசப்பும் ஏறும்.

மெஷினும் கையும்

2008 பிப்ரவரி 26 அன்று ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளை மாலையில் மூடி, ஊழியர்களுக்கு எஸ்பிரெசோ போடப் பயிற்சி கொடுத்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் தெர்மோபிளான் செய்த மாஸ்ட்ரேனா என்ற முழுத் தானியங்கி மெஷினையும் இறக்கியது. பொத்தானை அழுத்தினால் அரைத்து, அமுக்கி, வடித்துத் தரும். காபிப் பிரியர்கள் இதைக் கேலி செய்வார்கள். கேலிக்கு உரியதல்ல: ஒரு மணிநேரத்தில் நூறு பேர் வரிசையில் நிற்கும் கடையில், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் கையால் போடும் ஷாட்டை விட அது நம்பகமானது. தரையை உயர்த்தும் மெஷின் அது, கூரையையும் தாழ்த்திவிடும்.

தனிக்கடையின் கதை நேர்மாறு. வழக்கமான செய்முறை 18 கிராம் தூள், 93 டிகிரிப் பக்கம் தண்ணீர், 9 பார் அழுத்தம், 25–30 வினாடியில் 36 கிராம் டிக்காஷன். கேட்கச் சுலபம். காலையில் சரியாக வைத்த அரைவை மதியத்துக்குள் நகர்ந்துவிடும்: கிரைண்டரின் பற்கள் சூடேறும், ஈரப்பதம் மாறும், கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு நாளுக்கு நாள் குறைந்து தண்ணீர் வேகமாக ஓடும். 18 வினாடியிலேயே 36 கிராம் வந்து விழுந்தால் கோப்பை நீர்த்துப் புளிக்கும். அரைவையைப் பொடிசாக்க வேண்டும். 40 வினாடி சொட்டுச் சொட்டாக இழுத்தால் நாக்கை வறட்டும் கசப்பு. சற்றுப் பருமனாக்க வேண்டும். தூளைச் சமமாகப் பரப்பாமல் சாய்வாக அமுக்கினால் தண்ணீர் ஒரு பக்கம் ஓட்டை பிடித்து ஓடிவிடும். அப்போது ஒரே ஷாட்டில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். நேரம் மட்டும் சரியாகக் காட்டும் என்பதால் இந்தக் குறையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

எடை போடாத தனிக்கடை, அரைவையைத் திருத்தாத தனிக்கடை, செயினை விட மோசமான காபியைச் செயினை விட அதிக விலைக்கு விற்கும். ஓவியம் வரைந்த நுரை இதற்குப் பரிகாரம் ஆகாது. நல்ல தனிக்கடையோ எந்தத் தானியங்கியும் எட்டாத இடத்துக்குப் போகும். ஆக, தனிக்கடை என்பது தர முத்திரை அல்ல. தர வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும் இடம். எல்லைக்கோடும் மங்கிவருகிறது: ஸ்பெஷாலிட்டிப் பெயர் பெற்ற புளூ பாட்டில் என்ற அமெரிக்கக் காபி நிறுவனத்தில் 2017-இல் பெரும்பங்கை வாங்கியது நெஸ்லே.

ஐரோப்பா என்று ஒரே காபி இல்லை

இத்தாலியில் தொடங்கலாம். அக்கில்லே காஜ்ஜியாவின் எஸ்பிரெசோ மெஷின் காப்புரிமை 1938-இல்; போருக்குப் பின் அவருடைய நெம்புகோல் மெஷினில்தான் தங்கநிற நுரையான கிரெமா பிறந்தது. 1961-இல் ஃபேமா நிறுவனத்தின் ஈ61 மெஷின், பம்ப் வைத்து 9 பார் அழுத்தத்தைச் சீராக்கியது. இத்தாலிய எஸ்பிரெசோவுக்கென்று வகுத்த அளவு: 7 கிராம் தூள், 25 வினாடி, 25 மி.லி. தனிக்கடையின் இரட்டை ஷாட்டில் பாதிக்கும் குறைந்த தூள். இத்தனை குறைவாக இருந்தும் அடர்த்தியாகத் தெரிவதற்குக் காரணம் கூடுதல் வறுவலும் கலவையில் இருக்கும் ரொபஸ்டாவும். தெற்கே நேபிள்ஸ் பக்கம் போகப் போக இரண்டும் கூடும். கெட்டியான கிரெமாவைப் பார்த்து மயங்க வேண்டாம். ரொபஸ்டா தாராளமாக நுரைக்கும். அது தரத்துக்குச் சான்று அல்ல.

இத்தாலிக்கு நான் முழு மதிப்பெண் தருவது அதன் சராசரிக்கு. ஏதோ ஒரு ரயிலடி பாரில் (அங்கே காபிக்கடைக்கு அதுதான் பெயர்) நுழைந்து, நின்றபடி, ஒரு யூரோவைச் சற்றே தாண்டிய காசுக்குக் குடிக்கும் கோப்பை குடிக்கத் தக்கதாக இருக்கிறது. வாடிக்கையாளர் ஓயாமல் வருவதால் கிரைண்டரும் ஓயாது, தூள் பழசாகாது, மெஷின் குளிராது. கூட்டம் குறைந்த பாரில்தான் பிரச்சினை: முன்கூட்டியே அரைத்துக் கிரைண்டரின் பெட்டியில் தேங்கிய தூள், நாளெல்லாம் கழுவாத மெஷின் தலை, இரண்டும் சேர்ந்து பழைய எண்ணெய் வாடை.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. இத்தாலியில் பல பார்களுக்கு மெஷினையும் கிரைண்டரையும் கொடுத்து வைப்பது வறுவல் நிறுவனம்; பதிலுக்கு மாதம் இத்தனை கிலோ கொட்டையை அவர்களிடமே வாங்க வேண்டும். கடை முதலாளியின் பெயர் பலகையில் இருந்தாலும், கொட்டையைத் தேர்ந்தெடுப்பது அவர் அல்ல. குடும்பத்துத் தனிக்கடை என்று நாம் ரசிப்பது, காபியைப் பொறுத்தவரை ஒரு மறைமுகச் செயினின் கண்ணி. பின்னாளில் ஸ்டார்பக்ஸின் தலைவரான ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 1983-இல் மிலான் பார்களைப் பார்த்துத்தான் ஸ்டார்பக்ஸுக்கு எஸ்பிரெசோ யோசனையைக் கொண்டு போனார். 35 ஆண்டு கழித்து, 2018-இல்தான் அந்த நிறுவனம் மிலானில் கடை திறந்தது. தயக்கத்துக்குக் காரணம் இருந்திருக்கும்.

ஸ்பெயினில் டொர்ரெஃபாக்டோ என்ற வழக்கம் உண்டு: வறுவலின் கடைசியில் சர்க்கரை சேர்த்து, கொட்டைமேல் கருகவிடுவது. டிக்காஷன் மை போல் கறுக்கும், கசக்கும். பிரான்ஸில் மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளின் ரொபஸ்டா பழக்கம் கஃபேக்களில் நெடுநாள் நின்றது. உட்கார்ந்து பார்க்கும் தெருவுக்காகப் போகலாம், கோப்பைக்காக அல்ல. வியன்னாவும் அப்படித்தான்: மெலாஞ்ச் என்ற பால் காபியோடு வரும் தண்ணீர் டம்ளரும், மணிக்கணக்கில் எழுப்பாத நாகரிகமும் அங்கே சரக்கு. காபி நடுத்தரம்.

வடக்கே கதை மாறுகிறது. பின்லாந்தும் நார்வேயும் தலைக்கு உலகிலேயே அதிகம் காபி குடிக்கும் நாடுகளில் சேர்ந்தவை. பெரும்பாலும் இளவறுவல், காகித வடிகட்டியில் வடித்தது. முதல் உலக பரிஸ்டா (காபி போடுபவர்) போட்டியை, 2000-இல் மான்டி கார்லோவில், வென்றவர் நார்வேயின் ராபர்ட் தொரெசன். 2004-இல் அதே நாட்டின் டிம் வெண்டல்போ. கொட்டையின் ஊர், விளைந்த விதம், பதப்படுத்திய முறை எல்லாம் கோப்பையில் தனித்தனியாகத் தெரிவது இந்தப் பாணியில்தான். தப்பும்போதும் பெரிதாகத் தப்பும்: உள்ளே வேகாத இளவறுவல் பச்சைப்புல் வாடையும் எலுமிச்சைப் புளிப்புமாக வரும். நன்கு வறுத்தும் புளிக்கிறது என்றால் அரைவையைப் பொடிசாக்கி, தண்ணீரை 95 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். தண்ணீரும் மென்மையாக இருக்க வேண்டும். காரத்தன்மை மிகுந்த கடின நீர் அந்தப் புளிப்பை விழுங்கி, சுண்ணாம்புத்தனமாக ஆக்கிவிடும். லண்டன் போன்ற கடின நீர் ஊர்களில் நல்ல கடைகள் தண்ணீர் வடிகட்டிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது இதற்காகத்தான்.

எங்கே எதைக் கேட்பது

பாலின் சூடு ஒரு நல்ல உரைகல். 60–65 டிகிரியில் பால் தானாகவே இனிக்கும். 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை வந்து, நுரை உலரும். நல்ல கடையில் உதட்டைச் சுடாது. செயினில் கேட்டால் சூட்டைக் குறைத்துத் தருவார்கள்.

தெரியாத தனிக்கடையில் காசு கொடுக்கும் முன் கிரைண்டரின் சத்தத்தைக் கேளுங்கள்: ஆர்டருக்குப் பின் ஓடுகிறதா? ஷாட் இறங்கும்போது கோப்பைக்குக் கீழே தராசு இருக்கிறதா? நீராவிக் குழாயை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறார்களா? பையில் வறுத்த தேதி இருந்து, அது ஒரு வாரத்துக்கும் ஒரு மாதத்துக்கும் இடையில் இருந்தால் எஸ்பிரெசோவோ ஃபிளாட் ஒயிட்டோ துணிந்து கேட்கலாம். காலாவதித் தேதி மட்டும் இருந்தால் பால் கூடிய பானமே உத்தமம். இத்தாலியில் 'கஃபே' என்றாலே எஸ்பிரெசோ. கவுண்டரில் நின்று குடியுங்கள், சுற்றுலாத் தலங்களில் மேசைக்கு விலை வேறு. செயினில் பால் பானமென்றால் ஷார்ட், அல்லது டாலில் ஒரு ஷாட் கூடுதல். கறுப்புக் காபியென்றால் எப்போது இறக்கியது என்று கேட்டு, அரை மணிக்கு மேலென்றால் புதிதாக இறக்கித் தரச் சொல்லலாம், அதற்குப் பொறுமை இல்லையென்றால் எஸ்பிரெசோவில் வெந்நீர் சேர்த்த அமெரிக்கானோ.