கார்பன் கிரெடிட்: ஜப்பான், சுவிஸ், சிங்கப்பூர் – விற்கும் அரசுக்கு எது தோது?

பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவின்படி, ஒரு நாட்டில் குறைத்த கார்பன் உமிழ்வை (ஒரு டன் குறைப்பு ஒரு கிரெடிட்) இன்னொரு நாடு விலைக்கு வாங்கித் தன் இலக்கில் காட்டிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில் விற்கும் வளரும் நாட்டுக்கு இலக்கே கிடையாது. அரசு ஒப்புதல் கடிதம் கொடுத்தால் அதன் வேலை அநேகமாக முடிந்தது. இன்று பாரிஸ் ஒப்பந்தத்தில் உள்ள எல்லா நாட்டுக்கும் இலக்கு உண்டு. விற்ற ஒவ்வொரு டன்னையும் விற்ற நாடு தன் உமிழ்வுக் கணக்கில் திரும்பக் கூட்டியாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாட்டின் உமிழ்வு இலக்கு 500 லட்சம் டன். உமிழ்வு 499 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அந்தக் குறைப்பில் 3 லட்சம் டன்னை விற்றால் கணக்கு 502 லட்சம் ஆகிறது. இலக்கு கை நழுவிவிட்டது. கூடுதல் 2 லட்சத்தை வேறு எங்காவது குறைக்க வேண்டும்; மலிவானதை முதலிலேயே விற்றுவிட்டதால் மிச்சம் இருப்பதெல்லாம் செலவு பிடிக்கும் வேலைகள்தான். வாங்க வரும் மூன்று நாடுகளின் ஏற்பாடுகளையும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே எடைபோட வேண்டும்.

ஜப்பானின் கூட்டுக் கிரெடிட் முறை 2013-இல் மங்கோலியாவுடன் தொடங்கியது. இலங்கை 2022 அக்டோபரிலும் இந்தியா 2025 ஆகஸ்டிலும் சேர்ந்தன. இதில் இரு அரசுகளின் பிரதிநிதிகளும் உட்காரும் கூட்டுக்குழுதான் எல்லாம்: கணக்கிடும் முறையை ஏற்பது, திட்டத்தைப் பதிவது என எதுவும் அந்த மேசையைத் தாண்டிப் போகாது. ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மானியத் திட்டம் தொடக்க முதலீட்டில் பாதி வரை தருகிறது. பதிலுக்குக் கிரெடிட்டில் குறைந்தது பாதி ஜப்பானுக்கு. 1 லட்சம் டன்னில் 50,000 மட்டும் போனால், விற்ற நாடு திரும்பக் கூட்டவேண்டியதும் அந்த 50,000 மட்டுமே. பணம் இயந்திரம் வாங்கும்போதே வருவது பெரிய வசதி. குறை என்னவென்றால், மானியத்தின் பின்னால் பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனமும் அதன் தொழில்நுட்பமும் வரும். ஒரு டன்னுக்கு உண்மையில் என்ன விலை கிடைத்தது என்பது அதற்குள் மறைந்துபோகும்.

சுவிட்சர்லாந்தில் பணம் பெட்ரோல் பங்க்கிலிருந்து வருகிறது. எரிபொருள் இறக்குமதியாளர்கள் வாகன உமிழ்வில் ஒரு பங்கை ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்காக லிட்டருக்கு அதிகபட்சம் 5 ராப்பன் (100 ராப்பன் ஒரு சுவிஸ் பிராங்க்) வரை விலையில் ஏற்றலாம். அவர்கள் சார்பில் கிளிக் அறக்கட்டளை வாங்குகிறது. ஆனால் இரு அரசுகளும் தனித்தனியாக அனுமதி கொடுத்தால்தான் பரிமாற்றம். பாங்காக்கில் தனியார் வழித்தடங்களில் டீசல் பேருந்துகளுக்குப் பதிலாக ஓடிய மின்சாரப் பேருந்துகளிலிருந்து 1,916 டன் சுவிஸ் கணக்குக்குப் போனது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நடந்த முதல் பரிமாற்றம் அதுவே. கிரெடிட் பணம் இல்லாவிட்டாலும் அந்தப் பேருந்துகள் வந்திருக்குமே என்று சுவிஸ் தன்னார்வ அமைப்புகள் கேட்டன. விற்கும் அரசு அனுமதி கொடுப்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி இது. தானாக நடந்திருக்கக்கூடிய குறைப்பை விற்றால், சொந்த இலக்குக்கு வரவேண்டியதைத்தான் விற்கிறோம். இன்னொன்று: குறைப்பு சரிபார்க்கப்பட்டு ஒப்படைத்த பிறகே இங்கே பெரும்பாலும் பணம் கைக்கு வரும். அதுவரைக்கும் முதலீட்டை யார் போடுவது என்பதற்கு உள்ளூர் வங்கி பதில் வைத்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர் வழி சந்தையை ஒட்டியது. கார்பன் வரி கட்டும் நிறுவனங்கள் வரிக்குரிய உமிழ்வில் 5 சதவீதம் வரை வெளிநாட்டுக் கிரெடிட்டால் ஈடுகட்டலாம். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற கிரெடிட்டுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளின் முறைகளில் சிங்கப்பூர் ஏற்றவை மட்டுமே செல்லும். எவை என்பதை நாடுவாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பப்புவா நியூ கினியும் கானாவும் முதலில் ஒப்பந்தம் போட்டன. கணக்கிடும் முறை ஏற்கெனவே இருப்பதால் சிறிய அலுவலகம் உள்ள அரசுக்கு இதில் நுழைவது எளிது. விலைக்கு மேல்வரம்பும் கண்ணெதிரே தெரிகிறது: 2024, 2025-இல் வரி டன்னுக்கு 25 சிங்கப்பூர் டாலர், 2026, 2027-இல் 45. அதற்குமேல் கொடுத்துக் கிரெடிட் வாங்க எந்த நிறுவனத்துக்கும் காரணமில்லை. பேரத்துக்கு உட்காரும்போது 45 என்ற எண்ணை மறக்கக் கூடாது. கிரெடிட்டில் 2 சதவீதம் யாருக்கும் பயன்படாமல் ரத்தாகும், 5 சதவீதத்தின் மதிப்பு விற்கும் நாட்டின் காலநிலைத் தகவமைப்புக்குப் போகும். ரத்தாகும் டன்னையும் விற்ற நாடு திரும்பக் கூட்டவேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கருவூலம் காலியாக இருக்கும் அரசுக்கு ஜப்பான் வழியே என் தேர்வு. முன்பணம் கிடைக்கிறது, பாதிக் குறைப்பு வீட்டிலேயே தங்குகிறது. வங்கிக் கடன் எளிதாகக் கிடைத்து, கணக்கெடுக்கும் திறமையும் இருந்தால் சுவிஸ், சிங்கப்பூர் இரண்டிடமும் பேரம் பேசலாம்.

எந்த வழியில் போனாலும் சிக்கல் பெரும்பாலும் அனுமதிக் கடிதத்தில்தான் தொடங்கும். அதில் நான்கு விஷயங்கள் அச்சுப்பிசகாமல் இருக்க வேண்டும்: அதிகபட்ச டன் அளவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பயன்பாட்டுக்கு, முதல் பரிமாற்றம் என்று எதைக் கணக்கில் கொள்வது. அளவு எழுதாத கடிதம் வெற்றுக் காசோலை. பிறகு விழித்துக்கொண்டு பாதியில் ரத்து செய்தால், 2024 பாகு காலநிலை மாநாட்டு விதிப்படி, ஏற்கெனவே பரிமாறிய டன்களை அது பொதுவாகத் தொடாது. முதலீட்டாளர் மட்டும் ஓடிப்போவார். கடிதம் கொடுக்கும் பிரிவும் தேசிய உமிழ்வுப் பட்டியல் தயாரிக்கும் பிரிவும் ஒரே பதிவேட்டைப் பார்க்காவிட்டால், ஐ.நா.வுக்குக் கொடுக்கும் ஈராண்டு அறிக்கையில் விற்ற டன் இரண்டு நாட்டுக் கணக்கிலும் நிற்கும்.

இந்தியா 2023 பிப்ரவரியில் 13 வகைத் திட்டங்களை மட்டும் இதற்குத் தகுதியாக அறிவித்தது. பசுமை ஹைட்ரஜன், கடல் காற்றாலை, கார்பனைப் பிடித்துச் சேமித்தல் ஆகியவை உண்டு. முப்பந்தலில் நிற்பது போன்ற தரைக் காற்றாலையும் சாதாரண சூரிய மின்னுற்பத்தியும் பட்டியலில் இல்லை. மின்சாரச் சேமிப்போடு வந்தாலும் சேமித்த பகுதிக்கு மட்டுமே தகுதி. மலிவான குறைப்பு உள்நாட்டு இலக்குக்கு, கைக்கு எட்டாத விலையில் இருப்பது வெளிநாட்டுப் பணத்துக்கு என்று எல்லை போட்டிருக்கிறார்கள். ஜப்பானுடனான கூட்டுக்குழுவில் முதல் திட்டங்கள் வரும்போது அந்த எல்லையைத் தளர்த்தச் சொல்லி நெருக்கடி வரும். அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது.