ஆறாம் வகுப்புக் கணக்கு: அட்வான்ஸ்டா, ரெகுலரா?

அமெரிக்காவில் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் பெற்றோர் முன் வந்து நிற்கும் கேள்வி, மிடில் ஸ்கூலில் (ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை) அட்வான்ஸ்டு கணக்கு வகுப்பில் சேர்ப்பதா, ரெகுலர் வகுப்பிலேயே விடுவதா என்பது. கலிபோர்னியாவில் வசிக்கும் நாங்கள், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்டில் அட்வான்ஸ்டுக்கு வேண்டிய மதிப்பெண்ணை எடுத்திருந்த எங்கள் மகளை ரெகுலர் வகுப்பில் சேர்த்தோம். அவள் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அந்த முடிவின் பக்கமே நான் இன்றும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலப் பாடத்தில் இந்தத் தேர்வு அவ்வளவு கடினமானது அன்று. எங்கள் பள்ளியில் அட்வான்ஸ்டு ஆங்கிலம் என்றால் கூடுதலாகச் சில புத்தகங்கள், இன்னும் நீளமான கட்டுரைகள், அவ்வளவுதான். வாசிப்பில் ஆர்வமுள்ள பிள்ளையை அதில் சேர்க்கலாம்; ஒத்துவரவில்லை என்றால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் மகள் ஆங்கிலத்தில் அட்வான்ஸ்டு வகுப்பில்தான் படிக்கிறாள். கணக்கு அப்படியில்லை. அங்கே ஓராண்டில் விட்டுப்போனது அடுத்த ஆண்டில் தானாக வந்து சேராது.

பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) அட்வான்ஸ்டு கணக்கு எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்வது நல்லது. ஆறு, ஏழு, எட்டு என மூன்று வகுப்புகளின் பாடத்தையும் இரண்டே ஆண்டுகளில் நடத்தி முடித்துவிட்டு, எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா 1 (இயற்கணிதத்தின் முதல் பாடம்) தொடங்குகிறார்கள். ஒன்பதில் ஜியோமெட்ரி (வடிவியல்), பத்தில் ஆல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கல்லூரித் தரத்திலான ஏபி கால்குலஸ் (நுண்கணிதம்) என்பது இந்தப் பாதை. ரெகுலர் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு ஆல்ஜீப்ரா 1 ஒன்பதாம் வகுப்பில்தான் வரும். இந்தியாவில் ஆறாம் வகுப்பிலேயே இயற்கணிதத்தைத் தொட்டுவிட்டு வந்த நமக்கு, ரெகுலர் வகுப்பு என்றாலே பின்தங்குவது போலத் தோன்றுவது இயல்பு. நம்மவர் வீட்டு விருந்துகளில் "எந்த மேத்தில் இருக்கிறாள்?" என்ற கேள்வி எழும்போது அந்த எண்ணம் இன்னும் வலுக்கிறது.

ஆனால் பாடத்தைச் சுருக்கும்போது எதற்கான நேரம் குறைகிறது என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். இங்குள்ள பாடத்திட்டத்தில் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது ஆறாம் வகுப்பில் வருகிறது. குறை எண்களின் கூட்டல் பெருக்கல் ஏழில் வருகிறது. விகிதம் ஆறில் தொடங்கி, ஏழில் விகிதசமமாக விரிகிறது. எட்டில்தான் அது நேர்கோட்டின் சாய்வாகவும், சார்பு (ஃபங்ஷன்) என்ற கருத்தாகவும் உருவெடுக்கிறது. ஆல்ஜீப்ராவின் பெரும்பகுதி இவற்றின் மேல்தான் நிற்கிறது. மூன்று ஆண்டுப் பாடத்தை இரண்டில் அடக்கும்போது, எந்த அத்தியாயத்தையும் யாரும் கிழித்துப் போடுவதில்லை. ஒவ்வொன்றிலும் பிள்ளை தடுமாறிப் பார்த்துத் தானாகத் தெளிவதற்கு இருந்த நாட்கள் மட்டும் போய்விடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து அடி நீள ரிப்பனை முக்கால் அடித் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டுகள் கிடைக்கும்? மாலை நேரக் கணக்கு வகுப்புகளில் பழகிய பிள்ளை, முக்காலைத் தலைகீழாக்கிப் பெருக்கி, ஆறும் மூன்றில் இரண்டும் என்று நொடியில் எழுதிவிடும். அதே பிள்ளையிடம் கோடு போட்டுக் காட்டச் சொன்னால், ஆறு துண்டுகள் வெட்டியபின் அரை அடி மிஞ்சுகிறதே, அப்படியானால் விடை ஆறரை அல்லவா என்று திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மிஞ்சியது அரை அடிதான். ஆனால் அந்த அரை அடி, முக்கால் அடித் துண்டு ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு. எதை ஒன்றாக வைத்து அளக்கிறோம் என்பதை உணர்ந்த பிள்ளைக்கு விகிதமும் சதவீதமும் சாய்வும் எளிதாகின்றன. என் மகளின் ஆறாம் வகுப்பு நோட்டில் இந்த ஒரு வகைக் கணக்குக்கே பக்கம் பக்கமாகக் கோடுகள் இருக்கின்றன. முதல் சில பக்கங்களில் ஆறரை என்று எழுதி அடித்துத் திருத்தியிருக்கிறாள். அந்த அடித்தல் திருத்தலுக்குக் கிடைத்த அவகாசத்துக்காகத்தான் ரெகுலர் வகுப்பைத் தேர்ந்தெடுத்தோம். பிளேஸ்மென்ட் டெஸ்ட் பெரும்பாலும் விடையையே பார்க்கிறது. தலைகீழாக்கிப் பெருக்கத் தெரிந்த பிள்ளையையும் புரிந்து செய்யும் பிள்ளையையும் அது பிரித்துக் காட்டுவதில்லை.

மறுபக்கத்துக்கும் வலுவான நியாயம் உண்டு. பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸ் முடித்திருப்பது பெரிதும் உதவும்; எட்டில் ஆல்ஜீப்ரா என்பது அதற்கான நேர்வழி. சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014இல் நிறுத்திய எட்டாம் வகுப்பு ஆல்ஜீப்ராவை, பெற்றோரின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2024இல் மீண்டும் கொண்டுவர முடிவெடுத்ததும் இதனால்தான். டெக்சாஸில் 2023இல் வந்த சட்டம், ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளைத் தாமாகவே அட்வான்ஸ்டு வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆசிரியரின் பரிந்துரைக்காகக் காத்திருந்து வாய்ப்பை இழந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது நல்லதே. வகுப்பில் சலிப்படைந்து, தானாகவே அடுத்த பாடத்தைத் தேடிப் போகும் பிள்ளையை ரெகுலர் வகுப்பில் பிடித்து வைப்பதும் சரியன்று. எங்கள் பள்ளியின் ரெகுலர் வகுப்புக்கு நல்ல ஆசிரியர் வாய்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாடில்லாத, பாடமே நடக்காத ரெகுலர் வகுப்பாக இருந்திருந்தால் வேறு முடிவை எடுத்திருப்போம்.

கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கேட்பது குறைந்தது மூன்றாண்டுக் கணக்கு; நான்காண்டைப் பரிந்துரைக்கிறது. சேர்க்கைக்கான ஜிபிஏவை (மதிப்பெண் சராசரி) அது ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரையிலான பாடங்களை வைத்தே கணக்கிடுகிறது. ஆறாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகத் தூக்கம் இழக்கத் தேவையில்லை.

ரெகுலர் பாதையிலிருந்தும் கால்குலஸுக்குப் போகலாம். பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் ஆல்ஜீப்ரா 2ஐயும் சேர்த்து எடுப்பது ஒரு வழி. ஜியோமெட்ரியைக் கோடை வகுப்பில் முடிப்பது இன்னொரு வழி. எங்கள் மகள் இன்னும் ஹைஸ்கூலுக்குப் போகவில்லை என்பதால், இதை நண்பர்களின் பிள்ளைகளைப் பார்த்தே சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டு கணக்குப் பாடங்களைச் சுமந்த பிள்ளைக்கு அந்த ஓராண்டு கடுமையாகத்தான் இருந்தது. விருப்பப் பாடம் ஒன்றையும் விட வேண்டியிருந்தது. அட்வான்ஸ்டிலிருந்து ஏழாம் வகுப்பின் நடுவில் கீழே இறங்கிய பிள்ளையையும் பார்த்தேன். ஏற்கெனவே கேட்ட பாடத்தையே திரும்பக் கேட்டதைவிட, தனக்குக் கணக்கு வராது என்று அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி முடிவுகட்டிக்கொண்டதுதான் எனக்குக் கவலை அளித்தது. பதினைந்து வயதில் விரும்பி ஏற்கும் சுமையை, பன்னிரண்டு வயதில் விழும் அந்த அடியைவிட நான் மேலாகக் கருதுகிறேன்.

வகுப்புத் தேர்வில் கையெழுத்திடும் முன், பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை சில உள்ளன. அட்வான்ஸ்டு வகுப்பில் ஏழாம் வகுப்பின் விகிதசமப் பகுதிக்கு எத்தனை வாரங்கள் ஒதுக்குகிறார்கள், ரெகுலரில் எத்தனை வாரங்கள்? ஏழிலோ எட்டிலோ மேலே ஏற வழி உண்டா, அதற்குக் கோடை வகுப்பைப் பள்ளியே நடத்துகிறதா, நம் கைக்காசு போட வேண்டுமா? இறங்க நேர்ந்தால் ஆண்டின் நடுவில் இறங்கலாமா, ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பின் முடிவில் ஏறுவதற்கு ஒரு வழி இருந்தது. மகளிடம் கேட்டோம், வேண்டாம் என்றாள், நாங்களும் வற்புறுத்தவில்லை.