மூக்குக் கம்பி உள்ள 3 ப்ளை (மூணு அடுக்கு) மாஸ்க்: கண்ணு எரியுற ஸ்டூடண்ட்ஸ் வாங்கலாம்

மதுரைல நர்சிங் படிக்குறேன். வார்டு டியூட்டி முழுக்க மாஸ்க், வெளிய வந்தா மாட்டுத்தாவணி ரோட்டுப் புழுதிக்கு மறுபடியும் மாஸ்க், ஹாஸ்டல் வந்தா நைட்டு வரைக்கும் போன்ல நோட்ஸ். எங்க ரூம்ல பாதிப் பேருக்கு கண்ணு எரிச்சல், மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானா செவந்துருது. பவர் ஏறிருச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தோம்.

எங்க மேடம் தான் மாஸ்க்கோட மேல் ஓரத்தப் பாருங்கம்மான்னாங்க. மூக்குப் பக்கம் இடைவெளி இருந்தா விடுற மூச்சு நேரா கண்ணுக்கு ஏறி கண்ணு மேல ஈரமா இருக்குற கண்ணீர்ப் படலத்த சீக்கிரம் காய வச்சிருதாம், 2020ல கொரோனா சமயத்துல தான் கண் டாக்டருங்க இத நெறைய பேசுனாங்க, இதுல போன் பாக்கையில கண்ணு சிமிட்டுறதும் கொறைஞ்சுருமா, ரெண்டும் சேந்தா எரியாம என்ன செய்யும்.

என் பழைய துணி மாஸ்க்ல கம்பியே கிடையாது. சிம்மக்கல் பக்கம் ஒரு மெடிக்கல்ல 50 மாஸ்க் இருக்குற பாக்ஸ் வாங்குனேன். கம்பி நல்லா கெட்டி, ரெண்டு கை வெரலாலயும் மூக்குத் தண்டுல அமுக்குனா அப்பிடியே நிக்குது. என் ஃப்ரெண்டு கண்ணாடி போடுவா, அவளுக்கு ஆவி படியுறது நின்னுருச்சு, காத்து மேல வரலன்றதுக்கு அத விட வேற டெஸ்ட் வேணாம். எரிச்சல் எனக்கு நல்லாவே கொறைஞ்சிருக்கு.

கொற என்னன்னா காது நாடா ரொம்ப மெல்லிசு, அவசரத்துல இழுத்தா பிஞ்சுருது. வெயில்ல வேர்த்து நனைஞ்சா வேற மாத்திரணும். சிலர் மேல் ஓரத்துல மைக்ரோபோர் டேப் (தோல்ல ஒட்டுற பேப்பர் டேப்) ஒட்டுறாங்க, நல்லது தான், ஆனா கீழ் இமைய இழுத்துப் புடிக்குற மாதிரி ஒட்டிறாதீங்க, அப்பறம் கண்ண முழுசா மூட முடியாம இன்னும் காஞ்சுரும். டிபி வார்டுக்கு இது பத்தாது, அங்க என்95 தான் போடணும். கண்ணு எரியுதுன்னு மட்டும் தயவுசெஞ்சு மாஸ்க்க கழட்டிறாதீங்கப்பா.

இன்னொன்னு, செவப்பு போகணும்னு மெடிக்கல்ல நீங்களா கேட்டு சொட்டு மருந்து வாங்காதீங்க, சிலதுல ஸ்டீராய்டு இருக்கும், தொடர்ந்து விட்டா கண்ணு பிரஷர் ஏறி பார்வைக்கே ஆபத்து. எரிச்சல் விடலன்னா அண்ணா நகர் அரவிந்த் மாதிரி கண் ஆஸ்பத்திரில காட்டிருங்க, நமக்கு பக்கத்துலயே இருக்கு.

பாக்ஸ் வாங்குறப்ப ஒரு மாஸ்க்கோட மேல் ஓரத்த மடக்கிப் பாருங்க, மடக்குனது அப்பிடியே நின்னா வாங்குங்க, நிமிந்துருச்சுன்னா அந்தக் கம்பி சரியில்ல, வேணாம்.