சின்ன ரிவால்வருக்கு எந்தக் கைப்பிடி?

அமெரிக்காவில் தற்காப்புக்கென்று பேண்ட் பையில் வைத்துக்கொள்ளும் ரிவால்வர்களில் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் ஜே-ஃபிரேம் என்ற சின்னச் சட்டக வரிசை பிரபலம். 1950இல் வந்த ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ முதல் இன்றைய 642 மாடல் வரை உருவம் கிட்டத்தட்ட அதேதான்: .38 ஸ்பெஷல் என்ற ரகத்தில் ஐந்து தோட்டா. 642இன் சட்டகம் அலுமினியக் கலவை, மொத்த எடை 400 கிராமுக்குச் சற்று மேல். எடை குறையக் குறைய, சுடும்போது கையில் விழும் உதை கூடும். அதனால்தான் வாங்கிய சில நாளிலேயே கைப்பிடியை மாற்ற நினைக்கிறார்கள்.

பழைய மாடல்களில் இருக்கும் மெல்லிய மரக் கைப்பிடி பார்க்க அழகு. ஆனால் அது பக்கவாட்டை மட்டும்தான் மூடும்; பின்புறம் வெறும் இரும்பு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டையில் வந்து இடிக்கும். முன்னால் விசைக் காப்பு வளையத்துக்குப் பின்னே ஒரு இடைவெளி வேறு. அதில் நடுவிரல் மேலேறி, வளையம் கணுவில் மோதும். ஐம்பது தோட்டா பெட்டி ஒன்றைத் தீர்த்துவிட்டு வந்த அன்று மாலை, காபி டம்ளரைத் தூக்கவே என் நடுவிரல் மறுத்தது.

இதற்குச் சிக்கனமான வைத்தியம் டைலர் டி-கிரிப். மரப் பலகையை வைத்துக்கொண்டே அந்த இடைவெளியை மட்டும் அடைக்கும் சின்ன உலோகத் துண்டு. நடுவிரல் பிழைத்தது, கவட்டைக்கு விடிவில்லை.

ஹோக் கம்பெனியின் மோனோகிரிப் எதிர்த் துருவம். ஒரே துண்டாக, கீழிருந்து ஒரு திருகில் மாட்டும் ரப்பர். மூன்று விரலும் உட்காரும். சுடுதளத்தில் இதை மிஞ்ச ஆளில்லை என்றுதான் சொல்வேன், விரல் பள்ளங்கள் உங்கள் விரலுக்குப் பொருந்தினால்! பொருந்தாவிட்டால் மேடு விரலுக்கடியில் உறுத்திக்கொண்டே இருக்கும். சரி, பையில் போட்டால்? நீளம் துருத்தும், ரப்பர் துணியைப் பிடித்து இழுக்கும்.

குட்டையான ‘பூட்’ வகையில் சுண்டுவிரலுக்கு இடமே கிடையாது, அதை அடியில் மடித்துக்கொள்ள வேண்டியதுதான். மறைத்து வைக்க இதுவே சரி. பாக்மேயர் கம்பெனியின் பிடிகளில் பின்புறம் மூடியது, திறந்தது என்று இரண்டும் உண்டு. மூடியது உதையைத் தாங்கும். ஆனால் அந்தத் தடிமனால் விசை விரலுக்கு எட்டும் தூரமும் கூடும். சின்னக் கைக்காரர்கள் கடையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ரப்பரா மரமா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் பின்புறம் மூடியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. லேசர் பொருத்திய கிரிம்சன் டிரேஸும் உண்டு. விலை எக்கச்சக்கம், பேட்டரிக் கவலை தனி.

வாங்குமுன் இரண்டு விஷயம். உங்கள் ரிவால்வரில் பிடி மாட்டும் சட்டகத்தின் அடிப்பாகம் உருண்டையா சதுரமா என்று பாருங்கள். பழைய ஜே-ஃபிரேம்களில் இரண்டும் உண்டு, ஒன்றுக்கானது மற்றதற்குச் சேராது. கைப்பிடியின் இடப்பக்க மேல் விளிம்பு செதுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலி உறைகள் வெளியே விழாமல் அதில் தட்டி நிற்கும், தோட்டாக்களை ஒரேயடியாக நிரப்பும் ஸ்பீட்லோடரும் இடிக்கும்.

நான் இரண்டு கைப்பிடி வைத்திருக்கிறேன். தோட்டாவை எடுத்துவிட்டு உருளையைத் திறந்து இரண்டு தடவை பார்த்த பிறகு, ஸ்குரூடிரைவரால் மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது. பயிற்சி முழுக்க ஹோக்கில். கடைசிப் பத்துத் தோட்டா மட்டும், பையில் போகும் குட்டைப் பிடியில், பல்லைக் கடித்துக்கொண்டு.