டிஎம்சி கணக்கா, விகிதக் கணக்கா? மூன்று ஆறுகள், மூன்று பங்கீடுகள்

ஆற்று நீரைப் பங்கு போட இந்தியாவிலேயே மூன்று விதமான முறைகளைப் பார்க்கலாம்: சிந்து, காவிரி, கங்கை. எது தேவலாம் என்றால் நான் கங்கையைத்தான் சொல்வேன்.

சிந்துவில் தண்ணீரை அளக்கும் தலைவலியே இல்லை, ஆற்றையே பிரித்துவிட்டார்கள். 1960 ஒப்பந்தப்படி ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971 போர்களையும் தாண்டி நின்ற ஒப்பந்தம், 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது. சரி, அரசியலை விடுங்கள், ஒரே ஆற்றை நம்பி நாலு பேர் இருக்கும் இடத்தில் இந்த முறை எடுபடாது.

காவிரியில் அப்படித்தான், அதனால் டிஎம்சி (நூறு கோடி கன அடி) கணக்கு. மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 192 டிஎம்சி தர வேண்டும் என்று 2007-ல் நடுவர் மன்றம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது, மாதவாரி அட்டவணையும் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் இதெல்லாம் யாருக்கும் ஞாபகமே வராது, கர்நாடக அணைகள் நிரம்பி உபரி தானாக மேட்டூருக்கு வந்துவிடும். மழை பொய்த்தால்தான் வம்பு. பற்றாக்குறையையும் அதே விகிதத்தில் பகிர வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது, ஆனால் எதைப் பற்றாக்குறை என்பது, எந்தத் தேதியில் அளப்பது என்பதில் இரு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2023 செப்டம்பரில் 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி விடச் சொல்லி காவிரி ஆணையம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டதற்கே பெங்களூரில் பந்த், இந்தப் பக்கம் குறுவை காய்ந்தது.

கங்கையில் இந்தியாவும் வங்கதேசமும் 1996-ல் இதை முன்கூட்டியே எழுதிவைத்தன. ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கு ஒரு கணக்கு. மேற்கு வங்கத்தில் இருக்கும் ஃபராக்கா தடுப்பணையில் வரத்து விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழே என்றால் ஆளுக்குப் பாதி, 75,000-ஐத் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. ஓட்டையும் உண்டு: 50,000-க்குக் கீழே போனால் உடனே பேசுவோம் என்பதோடு சரி. அப்புறம், ஃபராக்காவுக்கு மேலே உத்தரப் பிரதேசமும் பீகாரும் எடுப்பது கணக்கிலேயே வராது. முப்பது ஆண்டு ஒப்பந்தம் 2026 டிசம்பரில் முடிகிறது.

இதை அப்படியே காவிரிக்குப் பெயர்த்துவிட முடியாது, ஏனென்றால் ஜூலையில் திறந்துவிட்டு ஆகஸ்டில் மழை ஏமாற்றினால் என்ன செய்வது என்ற கர்நாடகத்தின் பயம் நியாயமானதுதான். ஆனால் கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கின் நீர்வரத்தையும் வைத்து, இவ்வளவு வந்தால் இவ்வளவு என்று ஒரு பத்து நாள் பட்டியல் ஜூனுக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டால், செப்டம்பரில் டெல்லிக்கு ஓடும் வேலை பாதியாவது குறையும்.