ஹார்ட் டிஸ்க், மைக்ரோஃபிலிம், காகிதம்: பேரழிவுக்குப் பிறகு எதைப் படிக்க முடியும்?

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆங்கில விக்கிப்பீடியாவைப் படங்களோடு சேர்த்துத் தரவிறக்கினேன். சுமார் 100 ஜிபி. கிவிக்ஸ் மென்பொருள் இருந்தால் இணையமே இல்லாமல் படிக்கலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். உலகமே அழிந்தாலும் மனித அறிவு என் அலமாரியில் பத்திரம் என்ற மிதப்பு! சென்ற ஆண்டு எடுத்துப் பார்த்தால், ஒன்று ‘டிக் டிக்’ என்று முனகியதோடு சரி. இன்னொன்றில் கோளாறில்லை, அதன் கேபிளைச் செருகத்தான் புது மடிக்கணினியில் துளை இல்லை. அன்றிலிருந்து நான் காகிதக் கட்சி.

கொள்ளளவிலும் தேடும் வசதியிலும் டிஜிட்டலுக்குப் போட்டியே இல்லை. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

என் கேள்வி ஒன்றுதான்: படிப்பதற்கு இன்னொரு கருவி வேண்டுமா? 1086இல் இங்கிலாந்தில் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டின் 900ஆம் ஆண்டையொட்டி, 1986இல் பிபிசி அதன் நவீன வடிவத்தை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த வட்டுகளை ஓட்டும் கருவி அரும்பொருளாகிவிட்டது. ஆய்வாளர்கள் போராடித்தான் உள்ளடக்கத்தை மீட்டார்கள். ஆட்டுத்தோலில் எழுதிய மூல ஏட்டை இன்றும் படிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கை நம்புகிறவர்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு நகலெடுத்தால் போதும் என்பார்கள். பென் டிரைவும் அப்படித்தான். மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துவிடும். ஆக, ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்ற ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் பேரழிவு எங்கே வந்தது? காகிதத்தை நகலெடுக்க, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரும் கொஞ்சம் மையும் போதும்.

பக்கங்களைப் பொடிப்பொடியாகச் சுருக்கிப் படச்சுருளில் பதிக்கும் மைக்ரோஃபிலிம் இடைப்பட்டது. நானே கையாண்டு பழகியதில்லை என்பதால் அளந்தே சொல்கிறேன். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பாலியெஸ்டர் ஃபிலிம் 500 ஆண்டுகள் தாங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். வெளிச்சமும் உருப்பெருக்கியும் இருந்தால் படித்துவிடலாம். ஜெர்மனி 1975 முதல் தன் ஆவணப் படச்சுருள்களை எஃகுப் பீப்பாய்களில் அடைத்து ஒரு பழைய சுரங்கத்தில் வைத்து வருகிறது. 2020இல் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம், 21 டெராபைட் மென்பொருள் நிரல்களை 186 சுருள்களில் பதித்து வடதுருவத்தை ஒட்டிய நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்தது. அதில் பெரும்பகுதி கட்டம் கட்டமான குறியீடு. அதை அவிழ்க்கும் வழிகாட்டியை மட்டும் மனிதக் கண் படிக்கும் எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். கடைசியில் அவர்களும் என் கட்சிக்குத்தான் வந்தார்கள்!

காகிதத்தில் 100 ஜிபி அடங்காதே என்றால், அடங்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் இந்தக் கரைசலுக்கு ஒரே வரி போதும். பிரசவம் பார்க்கும் முன் கையைக் குளோரின் கரைசலில் கழுவச் செய்து, 1847இல் வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ் தாய்மார்களின் சாவைக் குறைத்த விவரத்துக்கு அரைப் பக்கம். இப்படிப் பொறுக்கி எடுத்ததில் 900 தாள்கள் வந்தன.

காகிதத்திலும் சூட்சுமம் உண்டு. அமிலம் கலந்த மரக்கூழ்த் தாள் சில பத்தாண்டுகளில் பழுத்து, தொட்டால் நொறுங்கும். நெடுநாள் நிற்கும் தாளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9706, அந்தத் தரமுள்ள தாள் வாங்குங்கள். அச்சுக்கு இங்க்ஜெட் வேண்டாம், ஈரம் பட்டால் பெரும்பாலும் கரையும். லேசர் டோனர் நல்லது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று முதல் தாள்கட்டைப் பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் போட்டதுதான் நான் செய்த தவறு. சில மாதங்களில் டோனர் ஒட்டிக்கொண்டது. உறையைப் பிரித்தால் பாதி எழுத்துகள் தாளில், மீதி உறையில் இடவலம் மாறி. இப்போது உறையே இல்லாமல், மூடியுள்ள தகரப் பெட்டியில், தரையில் படாமல் வைத்திருக்கிறேன்.

தீ வந்தால் காகிதம் போயிற்று, அதை மறைக்கவில்லை. பண்டைய அசீரியாவின் தலைநகர் நினிவே கி.மு. 612இல் எரிந்தபோது அங்கிருந்த களிமண் பலகைகளில் பல சூளையில் வெந்ததுபோல் இன்னும் உறுதியாயின. அந்த வழியில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் பீங்கான் பலகைகளைச் சேர்க்கிறார்கள். ஆயுளில் காகிதத்தை மிஞ்சும். வீட்டில் செய்கிற வேலையில்லை. என் தாள்களுக்கோ வயது ஒன்றுகூட நிரம்பவில்லை. நெடுங்காலம் நிற்கும் என்பது தரச்சான்றின் வாக்கு, என் அனுபவமல்ல.

பிழைத்த ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கியெறியவில்லை. இணைப்பான் ஒன்று வாங்கி, அடுத்து எதை அச்சிடலாம் என்று அதில்தான் தேடுகிறேன். இந்த வாரம் மடக்கை அட்டவணை.