படை மருத்துவச் சின்னம்: உலோக பேட்ஜா, துணிப் பட்டியா?

இரண்டில் எதைச் சேர்ப்பது என்று வெள்ளவத்தையில் சின்னங்கள் சேர்க்கும் தம்பிமார் அடிக்கடி கேட்பார்கள். அமெரிக்கப் படையை வைத்தே சொல்கிறேன்.

அடையாளம்: 1945இல் வந்த போர்க்கள மருத்துவ பேட்ஜ் உத்தியோகபூர்வமானது. ஸ்ட்ரெச்சர், பாம்புக்கோல், சிலுவை, ஓக் இலை வளையம். ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.
வியட்நாமில் காயமடைந்தோரை ஏற்றிய 'டஸ்ட்ஆஃப்' ஹெலிகொப்டர் குழுக்கள் உள்ளூர்த் தையல்காரரிடம் தைப்பித்த பட்டிகளுக்கு (சீருடையில் தைக்கும் துணிச் சின்னங்கள்) ஒரே அச்சு இல்லை. போலிகளும் அதிகம். ஆனாலும் அந்தத் தையல் நூலில்தான் அவர்களின் சொந்தக் குரல் இருக்கிறது. என் மனம் அதன் பக்கம்.

பராமரிப்பு: கொழும்புக் கடற்காற்றில் உலோகம் கறுக்கும், துணி பூஞ்சணம் பிடிக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு பேட்ஜ். தையலைப் படிக்கப் பொறுமையுள்ளவருக்குப் பட்டி. செஞ்சிலுவைக் கைப்பட்டி கிடைத்தால் அணியாதீர்கள். அது ஜெனீவா உடன்படிக்கை காக்கும் சின்னம்.